காலி வண்டிகளும் காலி பெஞ்சுகளும்

திருநெல்வேலிப் பாலத்து ஸ்டேஷனில் நான் ரயிலை விட்டு இறங்கிய அன்று என்னோடு இறங்கியவர்கள் மூன்றே பேர். ஒருவர் சாக்கைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு நடையைக் கட்டினார். மற்ற இருவரையும் கூட்டிப்போக வீட்டு மாட்டு வண்டி வந்திருந்தது. ஸ்டேஷன் வாசலில் நின்ற குதிரை வண்டிகளோ இருபத்தாறு. மிச்சமிருந்த ஒரே பயணி நான்.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. புன்னக்காயலுக்கு மேற்கே பனங்காட்டுக்குள் ஒளிந்துகிடக்கும் ஒரு சின்ன ஊர் என்னுடையது. எங்கள் பக்கத்து மிஷன் பள்ளியில் படித்து, அங்கேயே டீச்சர் பயிற்சியும் முடித்து, பேட்டைப் பெண்கள் பள்ளியில் வேலை என்று காகிதம் வந்ததும் புறப்பட்டு வந்தவள். தூத்துக்குடியில் ரயிலேற்றிவிட்ட அண்ணன், "இறங்கினதும் ஒரு வண்டி பிடி. வண்டி கிடைக்கலன்னா பயப்படாத, ஸ்டேஷன்லயே உக்காந்திரு" என்று சொல்லி அனுப்பியிருந்தான். மணியாச்சியில் ரயில் மாறியதிலிருந்து நான் சத்தம் வராமல் அழுதுகொண்டே வந்தேன்.

வாசலில் கால் வைத்ததும் அழுகை நின்றுவிட்டது. அழ நேரமில்லை.

"யம்மா, நம்ம வண்டியில ஏறுங்க, மெத்தை போட்ட வண்டி!"

"மெத்தையாம்லே மெத்தை! வைக்கோலை அடைச்சு வச்சிருக்கான் யம்மா, முதுகுல குத்தும். இங்கன வாங்க!"

"நம்ம குதிரை பூ மாதிரி போகும். டம்ளர்ல பாலு வச்சாலும் சிந்தாது!"

நான் யாருக்குப் பதில் சொல்வது என்று திகைப்பதற்குள் என் தகரப் பெட்டி ஒருவர் தோளுக்குப் போயிற்று. படுக்கைக் கட்டு இன்னொருவர் கைக்குப் போயிற்று. பாத்திர மூட்டை, ஓலைப்பாய், கருப்பட்டி வைத்த ஓலைப்பெட்டி, அம்மா கட்டிக்கொடுத்த கருவாட்டுப் பானை, எல்லாம் ஆளுக்கொரு திசையில் பறந்தன. குடையை யார் பிடுங்கினார்கள் என்று பார்க்கக்கூட முடியவில்லை. வாசலில் நின்ற போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அப்போது மீசை நரைத்த ஒரு பெரியவர் தன் வண்டியின் படியில் ஏறி நின்று கையைத் தூக்கினார். கல்லிடைக்குறிச்சிக்காரர் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். மற்ற வண்டிக்காரர்கள் அவரை அண்ணாச்சி என்றார்கள். நானும் கடைசிவரை அப்படித்தான் கூப்பிட்டேன்.

"ஏலே, நில்லுங்கலே! ஆளாளுக்கு இழுத்தா அந்தப் பிள்ளை துண்டு துண்டாப் போயிரும். எவன் கையில எது இருக்கோ, அதை அவன் ஏத்திக்கிடட்டும். ஆனா கூலி ஒரு வண்டிக்குத்தான். சம்மதமா?"

"சம்மதம் அண்ணாச்சி! நின்னு நின்னு குதிரைக்குக் காலு மரத்துப் போச்சு. நான் சும்மாவே வாரேன்!"

"நானும்!"

அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார். "நான் ஒரு சாமானையும் பிடிக்கல யம்மா. அதனால நீங்க நம்ம வண்டி."

இப்படியாக, பெட்டி ஒரு வண்டியிலும் படுக்கை ஒரு வண்டியிலும் கருவாடு ஒரு வண்டியிலுமாக, எட்டு வண்டிகள் வரிசையாகக் கிளம்பின. சாமான் கிடைக்காத இரண்டு பேர் வெறும் வண்டியோடு பின்னால் வந்தார்கள். வேடிக்கை பார்க்கவாம். சலங்கைச் சத்தமும் குளம்புச் சத்தமும் சேர்ந்து எனக்குக் காதே அடைத்துவிட்டது. ஆற்றுப்பாலத்தில் ஏறியதும் கீழே குளித்துக்கொண்டிருந்தவர்கள் துண்டைப் பிழிவதை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தார்கள்.

"ஏ, யாரு வீட்டுக் கல்யாணம்வே?"

"ஜமீன் வீட்டுப் பிள்ளை வாரா!" என்று என் ஓலைப்பாயை ஏற்றியிருந்தவர் கத்தினார்.

பாலத்தின் நடுவே வந்ததும் அண்ணாச்சி கேட்டார். "பாளையங்கோட்டையில எந்தத் தெரு யம்மா?"

"பாளையங்கோட்டை இல்ல அண்ணாச்சி. பேட்டை."

அவர் கடிவாளத்தை இழுத்த வேகத்தில் குதிரை பின்னங்காலில் உட்கார்ந்தே விட்டது. ஸ்டேஷனுக்குக் கிழக்கே பாளையங்கோட்டை, மேற்கே பேட்டை. நாங்கள் நேர் எதிராக வந்துகொண்டிருந்தோம்.

"வெள்ளைச் சேலை, கையில வேதப் புத்தகம். பாளையங்கோட்டைதான்னு நானே முடிவு பண்ணிட்டேனே, வாயைத் திறந்து கேக்கலையே!" என்று அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

பத்து வண்டிகள் பாலத்தின் மேல் திரும்ப வேண்டியிருந்தது. அந்த நேரம் பார்த்து எதிரே ஒரு வைக்கோல் வண்டி வந்தது. என் பெட்டியை ஏற்றியிருந்த குதிரை, அதற்கு எத்தனை நாள் பசியோ, வைக்கோலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு நகர மறுத்தது. வைக்கோல்காரர் கத்த, வண்டிக்காரர்கள் பதிலுக்குக் கத்த, ஒரு குதிரை இன்னொரு வண்டிக்குள் தலையை நீட்டி என் கருப்பட்டிப் பெட்டியை மோந்து பார்க்க, நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். பிறகு பொத்தாமலே சிரித்தேன். வீட்டை விட்டுப் புறப்பட்ட பிறகு அதுதான் என் முதல் சிரிப்பு.

டவுன் வழியாகத் திரும்பிப் போகும்போது அண்ணாச்சி விஷயத்தைச் சொன்னார். முன்பெல்லாம் ரயில் திருநெல்வேலியோடு நின்றுவிடும். சேரன்மாதேவி, அம்பாசமுத்திரம், தென்காசி என்று போகிறவர்கள் எல்லோரும் இங்கே இறங்கி வண்டி பிடித்தாக வேண்டும். அந்த நம்பிக்கையில் வழிநெடுக ஆளாளுக்குக் குதிரை வாங்கினார்கள். பிறகு செங்கோட்டை வரைக்கும் தண்டவாளம் போய்விட்டது.

"இப்ப எல்லா ஊரு வண்டியும் இங்கன வந்து நிக்கி. ரயிலு மட்டும் நிக்காமப் போவுது" என்றார். "இது குதிரைக்குத் தெரியுமா? ஓடினாலும் காணம் கேக்கும், ஓடாட்டாலும் காணம் கேக்கும்." குதிரைக்கு வைக்கும் கொள்ளைத்தான் எங்கள் சீமையில் காணம் என்போம்.

பேட்டைப் பள்ளி வாசலில் பத்து வண்டிகள் வந்து நின்றதும் உள்ளேயிருந்து ஒரு அம்மாள் மார்பில் அடித்துக்கொண்டு ஓடிவந்தாள். பள்ளி ஆயா. "அய்யோ, பெஞ்சை எடுத்துட்டுப் போவ வண்டி அனுப்பிட்டாவளே!"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பின்னாலேயே வந்த தலைமை ஆசிரியை என் காகிதத்தை வாங்கி இரண்டு தடவை படித்தார். பிறகு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "இன்னொரு டீச்சர் வேணும்னு நான் எழுதி ரெண்டு வருஷம் ஆச்சும்மா. இப்ப அனுப்பியிருக்காங்க. பள்ளிக்கூடத்தையே மூடப் போறாங்களே!"

உள்ளே போய்ப் பார்த்தேன். அறுபது பிள்ளைகள் உட்காரும்படி தேக்குப் பெஞ்சுகள், சுவர் நிறையப் படங்கள், சீமையிலிருந்து வந்த பெரிய பூகோள உருண்டை. பிள்ளைகள் ஒன்பது பேர். மூன்றாம் வகுப்பில் ஒரே ஒருத்தி. பரீட்சையில் முதலும் அவள்தான், கடைசியும் அவள்தான். கிறிஸ்மஸுக்கு முன்னால் துரைசானி, அதாவது பள்ளிகளை மேற்பார்க்கும் வெள்ளைக்கார அம்மையார், வந்து பார்ப்பாராம். முப்பது பிள்ளையாவது இல்லாவிட்டால் பள்ளியை மூடிவிட்டுப் பெஞ்சுகளைப் பாளையங்கோட்டைக்கு எடுத்துக்கொள்வாராம்.

படிக்கப் பிள்ளைகள் இல்லாமல் இல்லை. வந்து சேர வழிதான் இல்லை. கொஞ்சம் வளர்ந்த பெண்பிள்ளை கடைத்தெரு வழியாக நடந்து போவதை எந்த வீட்டிலும் விரும்பவில்லை. ஆயாதான் தினமும் வீடு வீடாகப் போய்க் கூட்டிவர வேண்டும். வெயிலில் அவள் ஒருத்தி எத்தனை தெரு சுற்றுவாள்?

மறுநாள் காலை அண்ணாச்சி வந்தார். என் குடை ஒரு வண்டியிலேயே தங்கிவிட்டதாம், கொண்டுவந்து கொடுத்தார். அதே நேரம் ஆயாவும் பிள்ளைகளோடு வேர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தாள். "ரெண்டு வீட்டுல அனுப்பமாட்டேன்னுட்டாவ டீச்சர். அம்புட்டுத் தூரம் நடத்திக் கூட்டிட்டுப் போவாதன்னு சொல்லுதாவ."

நான் வாசலில் நின்ற காலி வண்டியைப் பார்த்தேன். திரும்பி உள்ளே இருந்த காலி பெஞ்சுகளைப் பார்த்தேன்.

"அண்ணாச்சி, காலையில ரயிலு வார நேரம் போக மத்த நேரம் உங்க வண்டி சும்மாதானே நிக்கி?"

"ரயிலு வார நேரமும் சும்மாதான் நிக்கி."

"பிள்ளைகளை ஏத்திட்டு வந்து விடுவீங்களா? கூலி குடுக்க எங்ககிட்ட ஒண்ணும் இல்ல."

அவர் மீசையைத் தடவினார். சங்கடமாக இருந்தது எனக்கு. அப்போது ஆயாதான் குறுக்கே புகுந்தாள். "கூலி என்னத்துக்கு? இங்கன வாய்க்கால் கரை பூரா புல்லு. வயக்காடு உள்ள வீடுதான் பாதி. பிள்ளை வரும்போதே ஒரு கட்டுப் புல்லும் ஒரு கை காணமும் கொண்டாந்தா உங்க குதிரை வேண்டாங்குமா?"

அண்ணாச்சி குதிரையைப் பார்த்தார், என்னவோ அதனிடம் சம்மதம் கேட்பதுபோல. பிறகு சிரித்தார். "நாளைக்கு ஒரு வண்டி வந்து பாக்கட்டும்."

ஒரு வண்டிதான் கேட்டோம். பதினொன்று வந்தது.

பதினொரு வண்டியில் ஏற இரண்டே பேர், நானும் ஆயாவும். தெருத்தெருவாகப் போனோம். நாங்கள் போய் நின்றாலே தெருவே கூடிவிடும். முஸ்லிம் தெருவில் ஒரு தாய் கதவுக்குப் பின்னால் நின்று, "வண்டிக்குப் படுதா உண்டா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். உள்ளே போய்த் தன் பழைய சேலை ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினார். அரக்குச் சிவப்பு, சரிகை மங்கிப்போனது. அதையே படுதாவாகக் கட்டினோம். அதைப் பார்த்த அடுத்த வீட்டிலிருந்து ஒரு பச்சை வந்தது. ஒரு வாரத்தில் பதினொரு வண்டிகளுக்கும் பதினொரு நிறத்தில் படுதா.

டவுனில் ஒரு பெரிய வீட்டில், "என் பொண்ணு யாரோட சேர்ந்து உக்காந்து வருவா?" என்று கேட்டார்கள். கேள்வியின் அர்த்தம் எனக்குத் தெரியும். அண்ணாச்சி கைகட்டிச் சொன்னார். "ஒரு தெருவுக்கு ஒரு வண்டி யம்மா. ஒரு வீட்டுக்கு ஒரு வண்டின்னாலும் உண்டு. வண்டிக்கா இங்கன பஞ்சம்?" அந்தப் பிள்ளை மறுநாள் தனியாக ஒரு வண்டியில் மகாராணிபோல வந்து இறங்கினாள். எனக்கு மனசுக்குள் உறுத்தியது. ஆனாலும் பெஞ்சில் ஒரு பிள்ளை கூடியதே என்று வாயை மூடிக்கொண்டேன்.

அந்த ஏற்பாட்டை நான் கெடுக்கவில்லை. ஒரு செவலைக் குதிரை கெடுத்தது. பதினொன்றில் அதுதான் வேகம். கண்ணை மூடித் திறப்பதற்குள் டவுனிலிருந்து பேட்டைக்கு வந்துவிடும். எல்லாப் பிள்ளைகளுக்கும் அதில்தான் ஏற வேண்டும். எந்தத் தெருவுக்கு எந்த வண்டி என்பதெல்லாம் மூன்றாம் வாரமே காற்றில் போயிற்று. ஒருநாள் செவலை வண்டி வந்து நின்றது. படுதாவை விலக்கினால் பன்னிரண்டு பிள்ளைகள்! பெரிய வீட்டு மகாராணி ஒரு நெசவுக்காரர் மகளின் மடியில் உட்கார்ந்து, அவள் கையிலிருந்து வறுத்த கடலையைத் தின்றுகொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் இருவரும் மெல்லுவதை நிறுத்தினார்கள். நான் சட்டென்று திரும்பி, சுவரில் எதையோ ரொம்பக் கவனமாகப் பார்க்கத் தொடங்கினேன்.

ஒன்பது இருபத்தாறாயிற்று, இருபத்தாறு ஐம்பதாயிற்று. அறுபதைத் தாண்டிய அன்று தலைமை ஆசிரியை வருகைப் பதிவேட்டில் கோடு போட்டுக் கூடுதல் பக்கம் ஒட்டினார். முற்றம் பூராவும் குதிரை. ஜெபம் சொல்லி "ஆமென்" என்று நாங்கள் முடிக்கும்போது வெளியே ஒன்று கனைக்கும். ஒருநாள் பூவரசு மரத்தில் கட்டிய குதிரை ஜன்னல் வழியாகத் தலையை விட்டு, முன் பெஞ்சுக்காரியின் சிலேட்டை நக்கிக் கணக்கையே அழித்துவிட்டது. அவள் அழுதாள். பக்கத்தில் இருந்தவள், "அழாத, தப்புக் கணக்கைத்தான் நக்கியிருக்கு" என்று ஆறுதல் சொன்னாள். அன்றைக்கு என்னால் பாடம் நடத்த முடியவில்லை. கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்று தோள் குலுங்கச் சிரித்தேன்.

டிசம்பர் மாதம் வந்தது. துரைசானி பாளையங்கோட்டையிலிருந்து தம் கோச்சு வண்டியில் வருவார் என்றுதான் எதிர்பார்த்தோம். அவரோ வெளியூர் போயிருந்தவர், காலை ரயிலில் நேராகப் பாலத்து ஸ்டேஷனில் வந்து இறங்கிவிட்டார். வாசலுக்கு வந்து பார்த்தால் ஒரு வண்டி இல்லை. பள்ளிக்கு ஓடுகிற பதினொன்றும் பிள்ளைகளை ஏற்றப் போயிருந்தன. மீதிப் பதினைந்தும், சும்மா நிற்பானேன் என்று, எந்த வண்டி முதலில் பள்ளி சேரும் என்ற பந்தயம் பார்க்க அவற்றின் பின்னாலேயே போயிருந்தன.

துரைசானி குடையை விரித்து நடக்கத் தொடங்கினார். டவுனைத் தாண்டும்போது செவலை பின்னால் வந்தது. ஒரு வெள்ளைக்கார அம்மாள் வெயிலில் நடப்பதைப் பார்த்து வண்டிக்காரருக்கு மனசு கேட்கவில்லை. யார் என்று தெரியாமலே நிறுத்தினார்.

"பேட்டைக்குத்தானே? ஏறுங்கம்மா. ஏ பிள்ளைகளா, கொஞ்சம் தள்ளி உக்காருங்க!"

தள்ளி உட்கார அங்கே இடம் ஏது? பிள்ளைகளே கையைப் பிடித்து உள்ளே இழுத்திருக்கிறார்கள். புல்லுக்கட்டின் மேல் அவர் உட்கார்ந்தார், அவர் மடியில் ஒருத்தி உட்கார்ந்தாள். அந்த நேரம் பச்சைப் படுதா வண்டி பக்கத்தில் வந்து முந்தப் பார்க்க, செவலை விடுமா?

பள்ளி வாசலில் நாங்கள் பார்த்தது இதுதான். படுதா விலகியது. முதலில் நாலு பிள்ளைகள் குதித்தார்கள். அடுத்து ஒரு புல்லுக்கட்டு விழுந்தது. அப்புறம் தொப்பி ஒருபக்கம் சாய, தலைமுடியில் புல்லோடு, துரைசானி இறங்கினார். தலைமை ஆசிரியை அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

துரைசானி மூச்சு வாங்கிக்கொண்டு உள்ளே வந்தார். அவர் பேசியது வேதப் புத்தகத்தில் கற்ற தமிழ். ஒவ்வொரு பெஞ்சாகப் பார்த்தார். ஒன்றிலும் இடமில்லை. தரையில் ஓலைப்பாய் விரித்து உட்கார்ந்திருந்த பிள்ளைகளைப் பார்த்தார். எண்ணி முடிக்கும் முன்பே பின்னால் இன்னொரு வண்டி வந்து நின்றது.

"நான் இப்பள்ளியை மூடும்பொருட்டு வந்தேன்" என்றார். ஆயா என் கையை இறுகப் பிடித்தாள். அவர் தொடர்ந்தார். "ஆனால் நான் அமரும்படிக்கு இங்கே ஓர் ஆசனமும் இல்லையே!"

சொல்லிவிட்டு அவரே முதலில் சிரித்தார். நான், ஆயா, தலைமை ஆசிரியை, பிள்ளைகள், வாசலில் எட்டிப் பார்த்த வண்டிக்காரர்கள் என்று அந்தக் கட்டடமே சிரித்தது. எதற்குச் சிரிக்கிறோம் என்று பாதிப் பிள்ளைகளுக்குத் தெரியாது. அது ஒரு தடையாகவே இல்லை.

அடுத்த வாரம் பாளையங்கோட்டையிலிருந்து பேட்டைக்குப் பெஞ்சு வந்தது. இன்னொரு டீச்சரும் வந்தார், இந்தத் தடவை ரெண்டு வருஷம் ஆகவில்லை. ஸ்டேஷன் மாஸ்டர் மட்டும் கோபமாக வந்தார். காலை ரயிலில் வந்த ஒரு பெரிய உத்தியோகஸ்தர் டவுன்வரை நடந்தே போனாராம். அண்ணாச்சி எல்லோரையும் கூட்டி வைத்து முறை போட்டார். யார் யார் எந்தெந்தக் கிழமை ஸ்டேஷனுக்கு, யார் யார் பள்ளிக்கு என்று பிரித்தார். பள்ளி முறை கிடைக்காதவர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள்.

விடுமுறைக்கு முந்தின நாள் வண்டிக்காரர்கள் தாங்களாகவே வந்து, பிள்ளைகளை ஆற்றுக்குக் கூட்டிப்போக வேண்டும் என்றார்கள். இருபத்தாறு வண்டிகளும் வந்தன. தாமிரபரணியில் அப்போது கரையோரம் முழங்கால் தண்ணீர், அடியில் கிடக்கும் கூழாங்கல் தெரியும். குதிரைகளை அவிழ்த்து இறக்கினார்கள். குதிரையைத் தேய்க்கிறேன் என்று ஒருத்தி இறங்கினாள். அவளைப் பிடிக்கிறேன் என்று இன்னொருத்தி. கரையில் நின்று, "வேண்டாம், ஏறுங்க, பைய நடங்க" என்று கத்திக்கொண்டிருந்த என்னை யார் பிடித்து இழுத்தார்கள் என்று இன்றுவரை கண்டுபிடிக்க முடியவில்லை. எழுந்தபோது என் வெள்ளைச் சேலை மணல் நிறம். ஆயா இடுப்பளவு தண்ணீரில் நின்று ஒரு குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, அடக்கமாட்டாமல் சிரித்தாள்.

அன்று மாலை எழுபத்தெட்டுப் பிள்ளைகளையும் ஈரம் சொட்டச் சொட்ட வீடு வீடாக இறக்கிவிட்டோம். ஒவ்வொரு வாசலிலும் திட்டு வாங்கினேன். இத்தனை பேரிடம் ஒரே நாளில் நான் அதற்கு முன்பும் திட்டு வாங்கியதில்லை, பிறகும் இல்லை. இனி ஒருத்தியையும் அனுப்பமாட்டார்கள் என்றே நினைத்துக்கொண்டு ஊருக்குப் போனேன்.

ஜனவரியில் பள்ளி திறந்த அன்று எண்பத்தொரு பேர் வந்தார்கள்.